பண்ணிட்டேன், பண்ணிக்கிட்டேன்

என் காதைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்றாலும், எந்தப் பம்ப் முனகுகிறது என்று சொல்லிவிடுவேன். வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தத்தை வைத்தே சட்னிக்குத் தண்ணீர் போதாது என்று ஹாலில் உட்கார்ந்தபடி சொல்வேன். என் கணவர் அதற்குப் பயந்து நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் மிக்ஸியைப் போடுவார். அப்பேர்ப்பட்ட காது ஒரே ஒரு 'க்கி'யைத் தப்பாகக் கேட்டு, என் கையெழுத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. பார்த்ததோடு சரி. ஜெயித்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது.

பெங்களூரின் பழைய விமான நிலையத்தில், தொழிலதிபர்கள் சொந்தமாக வைத்திருக்கும் சின்ன ஜெட் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் பொறியாளர். எட்டுப் பேர் கால் நீட்டி உட்காரலாம், முன்னால் காபி கலக்க ஓர் இடம், பின்னால் ஒரு கழிவறை, அவ்வளவுதான் விமானம். கெட்டுப்போனதைச் சரிசெய்வது எங்கள் வேலையில் சின்னப் பங்குதான். கெட்டுப்போவதற்கு முன்பே திறந்து பார்ப்பது, துடைப்பது, எண்ணெய் போடுவது, ஆயுள் முடிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது, இதுதான் பெரும்பங்கு. இதை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காததற்கு யாரும் கை தட்ட மாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வேலை முடிந்ததும், 'இது பறக்கத் தகுதியானது' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதை எல்லோரும் போட முடியாது. பரீட்சைகள் எழுதி, லைசென்ஸ் வாங்கி, அந்த ரக விமானத்துக்கென்று தனியாகப் படித்து, கடைசியில் நிறுவனமும் நம்பி அதிகாரம் கொடுத்தால்தான் போடலாம். நான் பல வருஷம் அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே ஸ்பானர் பிடித்தவள். மருமகள் வளைகாப்புக்குக்கூடப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள் என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அந்த அதிகாரம் கைக்கு வந்த அன்று சந்தாபுராவில் எங்கள் தெரு முழுக்க மைசூர் பாக் கொடுத்தேன். எதிர்வீட்டம்மா பெண் குழந்தையா, ஆண் குழந்தையா என்று கேட்டார். கையெழுத்து என்றேன்.

என் பொறுப்பில் இருந்த விமானங்களில் ஒன்று வெள்ளை ஜெட். ஒருநாள் அதன் கேப்டன் இறங்கி வந்து, மேலே போனபின் கேபின் அழுத்தம் ஏறி இறங்கி விளையாடுகிறது என்றார். அவருக்குப் பின்னால் விமானத்தின் உரிமையாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படியிறங்கினார். காரில் ஏறும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

இது என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறேன். உயரே காற்று மெலிசு. அதனால் விமானத்துக்குள் காற்றை அடைத்து வைக்கிறோம். முன்பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும், பின்பக்கம் ஒரு வால்வு வழியாக அளவாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்த வால்வை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்று ஒரு கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். வரவும் போக்கும் சரியாக இருந்தால் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. தப்பினால் முதலில் சொல்வது காதுதான். அடைக்கும், திறக்கும், மறுபடி அடைக்கும்.

அன்றைக்கே கேபினில் பணிசெய்யும் பெண்ணைப் பிடித்து விசாரித்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விமானத்துக்குக் கரண்ட் கொடுக்கும் வண்டி பக்கத்தில் நின்று அலறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைவிடச் சத்தமாக அலறினோம்.

"மேல ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?"

"எல்லாருக்கும் காது அடைச்சுதுக்கா. அதுக்கு முன்னாடி, பின்பக்கம் ஒரு விசில் சத்தம். அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

அப்படித்தான் என் காதில் விழுந்தது. சரி, பொறுத்துக்கொண்டாள் என்று விட்டுவிட்டேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அட்ஜஸ்ட் என்றால் அது ஒன்றுதான். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டுக்கு மூன்றாவதாக ஒருத்தி வந்து "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பாள், நாம் நகர்ந்து கொடுப்போம். தண்ணி லாரி இன்றைக்கு வராது, அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். மேல்வீட்டுப் பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். இந்த ஊரே அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது. ஹேங்கருக்குள் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. அங்கே புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு பாகத்தைத் திருகி நிறுத்துவதற்குப் பெயர்தான் அட்ஜஸ்ட், அதையும் லைசென்ஸ் உள்ளவர் சொன்னால்தான் செய்வோம். போர்வை மடித்து வைக்கும் பெண் விமானத்தில் எதையாவது அட்ஜஸ்ட் செய்திருப்பாள் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

விசில் என்றதும் கதவு ரப்பரைச் சந்தேகப்பட்டேன். கதவைச் சுற்றிப் பார்த்தேன், புத்தம் புதிதாக இருந்தது. பிறகு அந்தப் பின்பக்க வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, அதன் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த பயணத்தில் உரிமையாளர் மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

இந்தமுறை கண்ட்ரோலரையே மாற்றினோம். கேப்டன், துணை விமானி, நான் மூன்று பேரும் முன்னாலேயே, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, சோதனைக்காக ஒரு சுற்றுப் போய் வந்தோம். அழுத்தம் காட்டும் முள் ஆடவில்லை, அசையவில்லை. தட்டில் வைத்த இட்லி மாதிரி அப்படியே கிடந்தது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இறங்கியதும் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் டெல்லி போய்த் திரும்பினார், காதைப் பொத்தியபடி.

என்னோடு வேலை பார்க்கும் மெக்கானிக் ஆனேக்கல்காரர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். "மேடம், ஓனர் ஏறினா கெட்டுப்போகுது, இறங்கினா சரியாகுது. இதுக்கு மெஷின்ல ஏனூ இல்ல, ஒண்ணுமே இல்ல. அவருக்குத்தான் சுத்திப் போடணும்," என்றார். நான் முறைத்தேன். ஆனால் அவர் கிண்டலாகச் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்களோடு பறந்தால் வராத கோளாறு, அவரோடு பறந்தால் மட்டும் ஏன் வருகிறது?

மறுநாள் எங்கள் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் ஆங்கிலம் பேசுவார், மனசு நிறைந்தால் கன்னடம், என்னிடமிருந்து எதையாவது பிடுங்கப் போகிறார் என்றால் தமிழ். அன்றைக்கு, "உட்காரும்மா," என்று தமிழில் தொடங்கினார்.

"ஓனர் சைடுல ரொம்ப பேஜாராயிட்டாங்க. விமானம் தயாரிச்ச வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் வர்றார். அதுவரைக்கும் இந்த விமானத்துக்கு நீ சைன் பண்ண வேணாம்."

"அதுக்கப்புறம் சார்?"

"அவர் வந்து கண்டுபிடிச்சா, நீ ஏன் கண்டுபிடிக்கலைன்னு கேள்வி வரும். உன் ஆதரைசேஷனை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மேல இருந்து ஒரே பிரெஷர்."

"பிரெஷர் பத்தி எனக்குத் தெரியாதா சார், அதுலதானே மாட்டிக்கினு முழிக்கறேன்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அவர் வர்றதுக்குள்ள நான் கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபிடி. யாரு வேணாம்னாங்க? ஆனா இன்னொரு பார்ட்டை மாத்திட்டு வந்து நிக்காதே."

அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது நியாயம். பாகத்தை மாற்றிப் பார்ப்பது கோளாறு கண்டுபிடிப்பது ஆகாது, குத்துமதிப்பாக மருந்து கொடுப்பதுதான். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. வருஷக்கணக்காகக் கண் விழித்துப் படித்து வாங்கிய கையெழுத்து. அதைப் பறிகொடுத்துவிட்டு மறுபடியும் இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழே ஸ்பானர் பிடிப்பதா? அதற்கு வீட்டில் உட்கார்ந்து டிரம்ஸ் கேட்கலாம். நேராக ஹேங்கருக்குப் போய் அந்த வெள்ளை ஜெட் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன். "உனக்கு என்னடி குறைச்சல்?" என்று வாய்விட்டே கேட்டேன். அது மூக்கை நீட்டிக்கொண்டு சும்மா நின்றது.

கோபம் ஆறியதும் மூளை வேலை செய்தது. எங்கள் சோதனைப் பயணத்தில் இல்லாதது எது, அவர் பயணத்தில் இருப்பது எது? பெட்டிகள், சாப்பாடு, உரிமையாளர், அந்தக் கோவில்பட்டிப் பெண். பெட்டி எங்கே வைக்கிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று தெரிந்தவள் அவள்தான். அன்று காலை கப், தட்டு எல்லாம் சரிபார்க்க அவள் வந்திருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை என்றாள். நானும் சாப்பிடவில்லை. கூட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

எங்கள் கேன்டீனில் ஒரு மேசைக்கும் நான்கு கால் ஒரே அளவில் இருக்காது. விமானம் பராமரிக்கிற இடத்தில் மேசையைப் பராமரிக்க ஆளில்லை. இட்லி வடையை வைத்ததும் எங்கள் மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாம்பார் கிண்ணம் என் பக்கம் நகர்ந்து வந்தது.

"மேசை ஆடுதுக்கா."

"எப்பவும் ஆடும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்று சொல்லிவிட்டு ஒரு கையால் மேசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் வடையைப் பிய்த்தேன். பழகிப்போன கை.

அவள் காகித நாப்கின் இரண்டை எடுத்து மடித்தாள், குனிந்தாள், மேசைக் காலுக்கடியில் செருகினாள். எழுந்து மேசையை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்க்கா. இப்ப கையை எடுத்துட்டுச் சாப்பிடுங்க."

வடை என் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"இப்ப என்ன சொன்னே?"

"சாப்பிடுங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்னு." அவள் முகத்தில் பயம் தெரிந்தது. "நாப்கின் எடுக்கக் கூடாதாக்கா?"

"நாப்கின் கெடக்குது விடு. அன்னைக்கு வண்டிச் சத்தத்துல பேசினோமே, விசில் சத்தம் வந்துச்சுன்னு. அன்னைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்னு சொன்னியா, பண்ணிட்டேன்னு சொன்னியா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பண்ணிட்டேன்னுதான் சொன்னேன். சார் கண்ணசந்ததும் அந்த விசில் ஆரம்பிச்சுது. அவரு சத்தம் கேட்டா முழிச்சுக்குவாரு, முழிச்சா எல்லாருக்கும் திட்டு விழும். பாத்ரூம் பக்கத்துல, கீழ, ஜன்னல் மாதிரி தகடு தகடா ஒன்னு இருக்குல்ல, அதுலருந்துதான் சத்தம் வந்துச்சு. ஒரு போர்வையைச் சுருட்டி அதுல அடைச்சேன். சத்தம் நின்னுட்டு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"அவரு தூங்குறப்பல்லாம். இறங்குறதுக்கு முன்னாடி எடுத்து மடிச்சு வச்சிருவேன்." என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா, தப்பா?"

வடை சாம்பாரில் விழுந்தது. அந்தத் தகடு போட்ட ஜன்னலுக்குப் பின்னால்தான் வால்வு இருக்கிறது. கேபினில் உள்ள காற்று வெளியே போக அதுதான் முக்கிய வாசல். வாசலில் போர்வையைத் திணித்தால் காற்று முட்டும், எங்காவது சந்து தேடும். கண்ட்ரோலர் வால்வை அகலத் திறக்கும். போர்வை கொஞ்சம் வழிவிடும், காற்று திடுதிப்பென்று போகும். கண்ட்ரோலர் பதறிப்போய் மூடும். பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் அது என்ன செய்யும் பாவம்? உரிமையாளர் தூங்கினால் கோளாறு வரும், நாங்கள் பறந்தால் வராது, இறங்கியபின் தேடினால் தடயமே இருக்காது. தடயம் அழகாக மடித்து அலமாரியில் அல்லவா இருந்திருக்கிறது.

"தப்பே இல்லடி தங்கம்," என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவளிடம் அந்த ஜன்னலை அடைக்கக் கூடாது என்று எங்களில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

கை கழுவினேனா இல்லையா என்று நினைவில்லை. தலைமைப் பொறியாளர் அறைக்குள் போய், விமானத்தைத் தரையில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டி, கேபினில் அழுத்தம் ஏற்றும் சோதனை செய்ய வேண்டும் என்றேன். போர்வை விஷயத்தையும் சொன்னேன்.

"போர்வை அடைக்கிறதுக்கு மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபம்தான்.

"அழுத்தச் சோதனைக்கு இருக்கு சார். நான் அதைத்தான் செய்யப் போறேன். போர்வை சும்மா விருந்தாளியா வரும். நீங்களும் வந்து உக்காருங்க. கோளாறு வரலைன்னா நானே என் ஆதரைசேஷனைக் கொண்டாந்து உங்க மேசையில வைக்கறேன்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. வாய் முந்திக்கொண்டது. அவர், புத்தகத்தில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று சொல்லி எழுந்தார்.

மதிய வெயிலில் விமானத்தை வெளியே இழுத்து நிறுத்தினோம். கேப்டன் முன்னால் உட்கார்ந்து எஞ்சினை ஓட்டினார். அவருக்குப் பின்னால் நின்று நான் முள்ளைப் பார்த்தேன். தலைமைப் பொறியாளர் உரிமையாளரின் சீட்டில் உட்கார்ந்தார். ஆனேக்கல்காரர் பின்னால் கழிவறை ஓரமாக, அவருக்குப் பக்கத்தில் கோவில்பட்டிப் பெண், கையில் சுருட்டிய போர்வையோடு. கதவைச் சாத்தினோம். அழுத்தம் மெல்ல ஏறியது.

பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் எழுந்தது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி.

"இதுதான்க்கா," என்றாள்.

என் வாழ்க்கையில் ஒரு சத்தத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. இத்தனை நாளாகத் தரையில் தேடியும் கிடைக்காதது, தானாக வந்து பேசுகிறது. "அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்," என்றேன். அவள் குனிந்து போர்வையை அடைத்தாள். சத்தம் நின்றது.

முள் அசையவில்லை. அப்படியே நின்றது. தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. மேசையில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று எந்த வாயால் சொன்னேனோ அந்த வாயை நொந்துகொண்டேன். வளைகாப்பில் படித்தது, தெருவுக்குக் கொடுத்த மைசூர் பாக், எல்லாம் ஒரு போர்வைக்குள் போய்விட்டதா?

பிறகு முள் லேசாகத் துடித்தது. மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, இந்தமுறை வேகமாக. என் காது டப்பென்று அடைத்தது, திறந்தது. பின்னாலிருந்து ஆனேக்கல்காரர், "அப்பப்பா, கிவி ஹோயித்து மேடம்," என்றார், காது போச்சு என்று. தலைமைப் பொறியாளர் வாயை அகலத் திறந்து திறந்து மூடினார், எச்சிலை விழுங்கினார், கடைசியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அச்சு அசல் உரிமையாளர் மாதிரியே.

"தெகி, தெகி, சாக்கு," என்றார். எடு, போதும் என்று கன்னடத்தில். அவள் போர்வையை உருவினாள். முள் நின்ற இடத்தில் நின்றது. விசில் மறுபடி வந்தது.

"இன்னொரு தடவை சார், உறுதிப்படுத்திக்கலாம்," என்றேன். உறுதி எனக்கு அப்போதே ஆகிவிட்டது. இரண்டாவது தடவை முழுக்க முழுக்க என் சந்தோஷத்துக்காகத்தான். மறுபடி அடைத்தாள், மறுபடி முள் ஆடியது, மறுபடி எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காது வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

விசில் ஏன் வந்தது என்பதுதான் மிச்சம். அந்தத் தகடு ஜன்னலைக் கழற்றினோம். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. விரலால் தடவினேன், பழைய ரப்பர் பேண்டு போல உதிர்ந்து கையோடு வந்தது. ஒரு மூலையில் வெடித்து ஒரு சன்னச் சந்து விட்டிருந்தது, காற்று அதில் புகுந்துதான் சீறியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு பரிசோதனையிலும் வால்வைப் பார்ப்போம், ஃபில்டரைப் பார்ப்போம். அதற்கு முன்னால் நிற்கும் பட்டையைத் தொட்டுப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பார்க்கிறோம்.

"இதே ரப்பர் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால என் மச்சான் கம்பெனியில செய்றாங்க மேடம். போன் போட்டா இன்னைக்கே வந்துடும்," என்றார் ஆனேக்கல்காரர்.

"உங்க மச்சான் ரப்பரை உங்க வீட்டுக் குக்கருக்குப் போடுங்க."

சான்றோடு வந்த பட்டை எங்கள் ஸ்டோரிலேயே சுருளாக இருந்தது. அளந்து வெட்டி ஒட்டி, காயவைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றினோம். விசில் இல்லை. முள் ஆடவில்லை. 'இங்கே எதையும் வைத்து அடைக்காதீர்கள்' என்று ஒரு பலகை செய்து அந்த ஜன்னலுக்கு மேல் மாட்ட ஒப்புதலும் வாங்கினோம். அந்தப் பெண்ணே இடம் காட்டினாள், போர்வை எடுக்கக் குனிகிறவர் கண்ணில் படுகிற மாதிரி.

தலைமைப் பொறியாளர் விமானத்தின் லாக் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "சைன் மாடம்மா," என்றார். கன்னடத்தில் சொன்னார். பிடுங்க வரவில்லை, மனசு நிறைந்துதான் சொன்னார். போட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு தடவையும் நான் போட்டேனே. இது நிற்குமா என்று சொல்ல வேண்டியது உரிமையாளரின் காது.

அவர் டெல்லி போனார். திரும்பி வரும் நாளில் நான் மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெயிலில் போய் நின்றேன். விமானம் இறங்கி, ஊர்ந்து வந்து, நின்றது. கதவு திறந்தது. உரிமையாளர் படியிறங்கினார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கோட்டு. காதில் கை இல்லை. போனில் யாரையோ திட்டிக்கொண்டே, என்னைக் கடந்து, நான் ஒருத்தி நிற்பதையே கவனிக்காமல் போய்க் காரில் ஏறினார். அந்த மனுஷன் என்னைக் கவனிக்காமல் போனதற்கு நான் கோயிலில் தேங்காய் உடைக்கலாம்.

கடைசியாக அந்தப் பெண் இறங்கினாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே கரண்ட் வண்டியை அணைக்கச் சொன்னேன். இந்தமுறை ஓர் எழுத்தையும் விடுவதாக இல்லை.

"விசிலே இல்லக்கா. சார் நல்லாத் தூங்கிட்டாரு."

"போர்வை?"

"அவரே எடுத்துப் போத்திக்கிட்டாரு."

போத்திக்கிட்டாரு. அந்த 'க்கி' என் காதில் தேனாக விழுந்தது. "இன்னொரு தடவை சொல்லு," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

கேப்டன் லாக் புத்தகத்தை நீட்டினார். கோளாறு எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. அதே நேரம் போனில் தலைமைப் பொறியாளரின் செய்தி வந்தது, வெளிநாட்டுக்காரர் வரவில்லை, உன் கையெழுத்தே போதும் என்று. அந்த ஒன்றுமில்லைக்குக் கீழே, அப்பா பெயரின் முதலெழுத்தும் சேர்த்து, நிதானமாக, முழுசாகக் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எதுவுமே நடக்கவில்லை அல்லவா. நான் விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று, எனக்கு நானே பலமாகக் கை தட்டினேன்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்த ஆனேக்கல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மேடம், கொசுவா?"

"ஆமா," என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை தட்டினேன்.